மசக்கை வாந்தியும் வயிற்றுக் கிருமியும்: நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை





சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஓர் இளைஞர் வந்தார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர். மனைவிக்கு மூன்றாவது மாதம். அவர் கையில் டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. மெடிக்கலில் வாங்கிய மூன்று மாத்திரை அட்டைகள் மட்டும் இருந்தன. "வயிற்றில் இருக்கும் ஒரு கிருமிதான் மசக்கை வாந்திக்குக் காரணம். பதினான்கு நாள் மாத்திரை போட்டால் நின்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினார். "இதைக் கொடுக்கலாமா பாய்?" என்று கேட்டார்.

நாங்கள் அவரிடம் முதலில் கேட்டது, "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?" என்பதுதான். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வீட்டில் பெரியவர்களோ, "எங்களுக்கு வராத மசக்கையா? மூணு மாசம் போனால் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மாத்திரைப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், நான்கு நாளில் அந்தச் சகோதரி தேறி வீடு திரும்பினார். ஆனால் அந்த இளைஞரின் கேள்வி நம்மிடம் தங்கிவிட்டது. வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யும் அல்ல; அதை நம்பி நடப்பது சரியும் அல்ல. இன்னும் பல வீடுகளுக்கு அந்தச் செய்தி போயிருக்கும் என்பதால், மருத்துவ உலகம் இதுவரை கண்டறிந்திருப்பதை இந்த இதழின் பாடமாகத் தருகிறோம்.

1. எது சாதாரண மசக்கை, எது நோய்?

கருவுற்ற பெண்கள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, நான்காவது மாதத்தில் தணியத் தொடங்கும். வாந்தி எடுத்தாலும் இடையிடையே ஏதாவது சாப்பிட முடியும், தண்ணீர் தங்கும், வீட்டு வேலையும் ஓரளவு நடக்கும். இது சாதாரண மசக்கை.

ஆயிரம் பெண்களில் மூன்று பேர் முதல் முப்பது பேர் வரை இதைவிடக் கடுமையான நிலைக்குப் போகிறார்கள். மருத்துவர்கள் இதை 'ஹைப்பர்எமிசிஸ் கிராவிடாரம்' என்கிறார்கள். நாம் 'கடுமையான கர்ப்பகால வாந்தி' என்று சொல்லிக்கொள்வோம். சாப்பாடும் தண்ணீரும் தங்காது. உடலின் நீரும் உப்புச் சத்துகளும் வற்றும். கர்ப்பத்திற்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கு மேலோ குறையலாம். 50 கிலோ எடையுள்ள பெண் என்றால் இரண்டரை கிலோ. பொதுவாக 16 வாரத்திற்கு முன்பே இது தொடங்கிவிடும். பலருக்கு 20 வாரத்தை ஒட்டித் தணியும். சிலருக்குப் பிரசவம் வரை நீடிக்கும்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஜேன் ஐயர்' நாவலை எழுதிய சார்லட் பிரான்டி 1855ஆம் ஆண்டு, கருவுற்றிருந்தபோது, தீராத குமட்டலாலும் வாந்தியாலும் நலிந்து இறந்தார். இந்த நோயே அவர் உயிரைப் பறித்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இன்று நரம்பு வழியாக நீரேற்றும் வசதி இருப்பதால் இத்தகைய மரணங்கள் மிக அரிது. ஆனாலும் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் பெண்ணுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்துபோய், மூளை பாதிக்கப்படும் ஆபத்து இன்றும் உண்டு. 'பொறுத்துக்கொள்' என்று சொல்லிக் காலம் கடத்துவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

2. அந்தக் கிருமி எது?

அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருள் வடிவமுள்ள ஒரு பாக்டீரியா. இரைப்பையில் இருக்கும் அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் சோதனைத் தட்டுகள் ஈஸ்டர் விடுமுறையால் கூடுதல் நாட்கள் கிடந்தன. மெதுவாக வளரும் இந்தக் கிருமி அதில் தெரிந்தது. சக மருத்துவர்கள் நம்பத் தயங்கியபோது, 1984இல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி உண்டானதை நிரூபித்தார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது? உடலில் இயல்பாக இருக்கும் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தின் வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறது. பின்பு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் புகுந்து, சிகிச்சை செய்யாவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கிவிடக்கூடியது.

பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே இது தொற்றுகிறது. நம் நாட்டில் இது மிகப் பரவலாக உள்ளது. இது வயிற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இராது. சிலருக்கு மட்டும் வயிற்றுப்புண், இரும்புச்சத்துக் குறைவு, அரிதாக இரைப்பைப் புற்றுநோய் ஆகியவை வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

3. வாந்தியோடு இதைத் தொடர்புபடுத்தியது யார்?

1998இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான கர்ப்பகால வாந்தியுள்ள 105 பெண்களின் இரத்தத்தைச் சோதித்ததில் 95 பேருக்கு இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. வாந்தித் தொல்லை இல்லாத 129 கர்ப்பிணிகளில் 60 பேருக்குத்தான் இருந்தது. அதாவது ஒரு பக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு, மறுபக்கம் நூற்றுக்கு நாற்பத்தாறு. இந்த வேறுபாடு மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் வியன்னாவில் கண்டது போன்ற வேறுபாடு தெரிந்தது. வேறு சிலவற்றில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 2009இல் 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, தொடர்பு இருப்பதாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. பின்னர் இன்னும் கூடுதலான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்பின் அளவு முன்பு நினைத்ததைவிடச் சிறியது என்று தெரியவந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 5,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. கிருமி உள்ள பெண்களிடையே தினமும் வாந்தி எடுப்பது ஓரளவு கூடுதலாக இருந்ததாக அது சொல்கிறது.

காரணம் எப்படி இருக்கலாம்? கர்ப்ப காலத்து ஹார்மோன்களால் இரைப்பையின் அசைவு மந்தமாகிறது. நோய் எதிர்ப்புத் திறனும் மாறுகிறது. அதுவரை அமைதியாக இருந்த கிருமி இந்த நேரத்தில் இரைப்பையைக் கூடுதலாக உறுத்தலாம் என்பது ஒரு கருத்து. இது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

4. தொடர்பு இருப்பதும் காரணமாக இருப்பதும் ஒன்றா?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான இடம் இது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. மூன்று செய்திகளை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, ஒரு கணக்கு. நம் ஊரில் 100 கர்ப்பிணிகள் இருப்பதாகவும், அவர்களில் 50 பேரிடம் இந்தக் கிருமி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கடுமையான வாந்தி வருவது ஒருவருக்கோ இருவருக்கோதான். அந்த இருவரிடமும் கிருமி இருந்தாலும், மீதி 48 பேர் அதே கிருமியோடு கடுமையான வாந்தி இல்லாமல் இருக்கிறார்கள் அல்லவா? ஆக, கிருமி மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது, பிரசவம் ஆனதும் பெரும்பாலும் வாந்தி நின்றுவிடுகிறது. கிருமியோ வயிற்றில் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, கிருமி எப்போதோ உடலுக்குள் வந்ததையும் காட்டலாம். இப்போது அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது உறுதியான சான்று ஆகாது.

5. இப்போது தெரியவந்துள்ள பெரிய காரணம்

ஆராய்ச்சியின் கவனம் இப்போது 'ஜிடிஎஃப்15' என்ற ஹார்மோன் மீது திரும்பியிருக்கிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்லீனா ஃபெய்சோ என்ற ஆய்வாளர், தாமே இந்த நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டுக் குழந்தையை இழந்தவர். அவரது குழு 2018இல் இந்த ஹார்மோனுக்கான மரபணுவோடு நோய்க்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது.

கருவும் நஞ்சும் இந்த ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன. அது மூளையின் அடிப்பகுதியைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது. கர்ப்பத்திற்கு முன் ஒரு பெண்ணின் உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்திருந்தால், திடீரென்று அது கூடும்போது அவரால் தாங்க முடிவதில்லை. முன்பே அதற்குப் பழகிய உடல் தாங்கிக்கொள்கிறது. இலங்கை ஆய்வாளர்களும் இதில் பங்கு பெற்றார்கள். தலசீமியா என்ற இரத்த நோயுள்ள பெண்களிடம் இந்த ஹார்மோன் எப்போதும் அதிகமாக இருக்கும். அவர்களுக்கு மசக்கை வாந்தி மிகக் குறைவாகவே வந்தது தெரிந்தது.

எனவே இது 'மனப்பிராந்தி' என்றோ, 'புகுந்த வீடு பிடிக்காததால் வரும் நடிப்பு' என்றோ சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. உடலில் நடப்பதை உலகின் ஆய்வுக்கூடங்கள் அளந்து காட்டியிருக்கின்றன. வயிற்றுக் கிருமி சிலருக்கு நிலைமையை மோசமாக்கும் துணைக் காரணமாக இருக்கலாம். அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

6. அப்படியானால் கிருமி மாத்திரை சாப்பிடலாமா?

டாக்டர் சொல்லாமல் ஒருபோதும் கூடாது. காரணங்களைச் சொல்கிறோம்.

• இந்தக் கிருமிக்கு ஒரு மாத்திரை போதாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளாவது சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாள் கொடுப்பார்கள். அவற்றில் சிலவே குமட்டலை உண்டாக்கக்கூடியவை.

• இதற்குப் பயன்படும் மருந்துகளில் டெட்ராசைக்ளின் கருவின் பற்களையும் எலும்பையும் பாதிக்கக்கூடியது. பிஸ்மத் மருந்தையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள்.

• வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை வயிற்றில் தங்காது. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

பொதுவாக மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைப் பிரசவத்திற்குப் பின் தள்ளிவைப்பார்கள். எந்த மருந்துக்கும் வாந்தி அடங்காதபோதும், வயிற்றுப்புண் இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும்போதும், கிருமிக்கான பரிசோதனையை அவர்கள் யோசிக்கலாம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்த அளவில்தான் இதைக் குறிப்பிட்டது. கர்ப்பிணிக்கு மலப் பரிசோதனை எளிது. மூச்சுப் பரிசோதனையில் கதிரியக்கமுள்ள கார்பன் 14 என்ற வகையைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள். ஆகவே எங்கு போனாலும் 'நான் கர்ப்பிணி' என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கடுமையான வாந்திக்கு என்ன சிகிச்சை? பி6 வைட்டமின், அதோடு டாக்ஸிலமின் சேர்ந்த மாத்திரை, தேவையானால் வேறு வாந்தித் தடுப்பு மருந்துகள், நரம்பு வழியாக உப்பு நீர், பொட்டாசியம், தயமின் ஆகியவை. இவை கர்ப்பிணிகளுக்கு நெடுநாளாகக் கொடுக்கப்பட்டு வருபவை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் 'குழந்தைக்கு ஆகாது' என்று தடுக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுப்பது முக்கியம் என்பதால், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

7. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இந்தப் பகுதியைக் கத்தரித்து வீட்டில் ஒட்டி வையுங்கள்.

• 24 மணி நேரமாகச் சாப்பாடோ தண்ணீரோ தங்கவில்லை.
• 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. அல்லது மிகக் கருத்த மஞ்சளாகப் போகிறது.
• எழுந்தால் தலை சுற்றல், மயக்கம், மிகுந்த சோர்வு.
• வாந்தியில் இரத்தம்.
• வயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல்.
• எடை வேகமாகக் குறைதல்.
• பேச்சில் குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம்.

வண்டி கிடைக்காவிட்டால் 108க்கு அழையுங்கள். இரவு நேரம், வீட்டில் ஆண்கள் இல்லை, கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

8. வீட்டார் செய்ய வேண்டியது

வெறும் வயிறாக இருக்க விடாதீர்கள். எழுவதற்கு முன் படுக்கையிலேயே ஒரு ரஸ்க் கொடுக்கலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறேழு சிறு பங்காகப் பிரியுங்கள். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு என எது தங்குகிறதோ அதுவே நல்ல உணவு. தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இஞ்சி சிலருக்குக் குமட்டலைத் தணிக்கும். தாளிக்கும் வாசனை, மீன் வாசனை, அத்தர், சாம்பிராணிப் புகை ஆகியவை ஒத்துக்கொள்ளாவிட்டால் சில வாரம் விலக்கி வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை வாந்தியைக் கூட்டினால், தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

மாமிமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தாங்கியது உண்மைதான். உங்கள் மருமகளின் உடல் வேறு. அவளைச் சமையலறைக்கு அனுப்பாமல் படுக்க வைப்பது செல்லம் கொடுப்பது ஆகாது. கணவன்மார்களே, தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று எவ்வளவு தண்ணீர் தங்கியது? எத்தனை முறை சிறுநீர் போனது?" போனில் கேட்டாலும் சரி.

ரமழானில் இந்த நிலை வந்தால், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதைக் களாச் செய்வது, ஃபித்யா கொடுப்பது பற்றி உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். வாந்தியால் உளூ முறியுமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் சகோதரிகளுக்கு வீண் சிரமம் இராது.

9. கிருமி பரவாமல் இருக்க

கழிவறைக்குப் போய் வந்த பின்பும், சமைக்கும் முன்பும், குழந்தைக்கு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சோற்றை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தை விடுங்கள். சஹனில் சேர்ந்து உண்ணும் நம் நல்ல வழக்கம் தொடரட்டும். உட்காரும் முன் எல்லாரும் கை கழுவட்டும், அவரவர் பக்கத்திலிருந்து எடுக்கட்டும். நீண்ட நாள் நெஞ்செரிச்சல், வயிற்று வலி, காரணம் தெரியாத இரத்தசோகை உள்ள பெண்கள், அடுத்த கர்ப்பத்திற்கு முன்பே டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிருமி இருந்தால் சிகிச்சை எடுக்கப் பொருத்தமான காலம் அதுதான்.

அந்த இளைஞர் வாங்கி வந்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போயின. அவருடைய மனைவிக்கு ஏழாம் மாதம் வரை அவ்வப்போது வாந்தி இருந்தது. இரண்டாம் முறையும் ஒரு நாள் நீரேற்ற வேண்டி வந்தது. ஆனால் அந்த முறை அழைத்துப் போனது மாமியார்தான்; காலையில் சிறுநீர் போகவில்லை என்று தெரிந்ததுமே, யாருக்கும் காத்திராமல் ஆட்டோ பிடித்துவிட்டார். தாயும் பெண் குழந்தையும் நலம். அல்ஹம்துலில்லாஹ்.

நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. மருந்தை அறிந்தவரிடம் கேட்டுத் தேடுவதும் அதில் அடங்கும். இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை வாசியுங்கள். கருவுற்றிருக்கும் நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் இலேசான பிரசவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.